க்ரோ லாப்ளி வரும்னு முன்னாடியே ஏன் சொல்லல? கனமழைக் கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மொரீஷியஸ் தீவில், க்வாத்ர் போர்ன் ஊரில் கணக்கு வாத்தியார். வானிலை ஆபீசில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் காற்றையும் மழையையும் கணக்காக மாற்றுகிற வித்தையைப் பல வருஷமாக ஆசையோடு படித்துவருகிறேன். இது தெரிந்ததிலிருந்து கோயில் வாசலிலும் தமிழ் வகுப்பிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாதிக்கு மேல் நம் தீவின் க்ரியோல் மொழியில் கேட்கப்பட்டவை; தலைப்பில் உள்ள க்ரோ லாப்ளி என்றால் அதில் கனமழை. அவற்றைத் தமிழில் எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

வெதர் மாடல்னா என்ன? சேட்டிலைட் படத்தைத்தானே அப்படிச் சொல்றாங்க?

இல்லை. சேட்டிலைட் படம் இப்போது இருப்பதைக் காட்டும். மாடல் இனி வரப்போவதைக் கணக்குப் போட்டுச் சொல்லும். காற்றுமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், அழுத்தம், ஈரம், காற்று என்று எண்கள் கொடுக்கிறார்கள். பிறகு பள்ளியில் படித்த அதே இயற்பியல் விதிகளை வைத்து, இன்னும் சில நிமிடத்தில் அந்த எண்கள் என்னவாகும் என்று கணக்கிடுகிறார்கள். வந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிடம், அதிலிருந்து அடுத்தது. இப்படியே பத்து நாள் வரை போகலாம்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், முதல் வரியில் எழுதிய எண் தப்பென்றால் விடையும் தப்பு. பரீட்சைத் தாள் திருத்துகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே வருவதில் முக்கால்வாசி அந்த முதல் வரியைப் பற்றித்தான்.

சூறாவளி வர்றது மூணு நாள் முன்னாடியே தெரியுது. போர்ட் லூயியை முக்கின மழை மட்டும் ஏன் தெரியல?

2013 மார்ச் 30, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அன்று எந்தச் சூறாவளியும் தீவை நெருங்கியிருக்கவில்லை. தலைநகரில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கோதான் சுரங்கப்பாதையிலும் கார் நிறுத்தும் அடித்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. அன்றைய வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

சூறாவளி நூற்றுக்கணக்கான கி.மீ. அகலமுள்ளது, நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வானத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அதை எந்த மாடலும் தவறவிடாது, பாதைதான் கொஞ்சம் முன்னே பின்னே போகும். போர்ட் லூயியில் பெய்த மாதிரி மழையைக் கொட்டும் மேகமோ பத்துக் கி.மீ. அகலம்தான். அது முளைத்து, வளர்ந்து, கொட்டித் தீர்ந்துபோக ஒன்றிரண்டு மணி நேரம் போதும். முந்தின நாள் மாடல் ஓடும்போது அந்த மேகம் பிறக்கவே இல்லை. அது பிறப்பதற்கான ஈரமும் காற்றும் மட்டும்தான் இருந்தன. அவையும் எங்கே, எவ்வளவு என்று சரியாக அளக்கப்படவில்லை என்றால், மேகம் மலையின் இந்தப் பக்கம் முளைக்குமா அந்தப் பக்கமா என்பது கணக்கில் வராது.

வாக்வாவுல ஸ்டேஷன் இருக்கு, ஏர்போர்ட்டுல இருக்கு. அப்புறம் என்ன தரவுக் குறை?

தீவில் குறைவு இல்லை. குறை தீவைச் சுற்றித்தான். நமக்கு வானிலை பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கே ரோட்ரிகஸ், அதை விட்டால் நேரே ஆஸ்திரேலியா வரை கடல். வடக்கே சென் பிராண்டன், அகலேகா என்று சில புள்ளிகள். மேற்கே ரீயூனியன் சுமார் 200 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, ஆனால் காற்று நம்மைத் தாண்டித்தான் அங்கே போகிறது. ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு மழை வருமுன் பத்து ஊர்க்காரர்கள் நனைந்து சொல்லிவிடுவார்கள். நமக்கு முன்னால் நனைய ஆளில்லை.

மிதவைகள் கொஞ்சம் உண்டு, கப்பல்களும் சொல்லும். விமானங்களும் பறக்கும்போதே வெப்பத்தையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றன. 2020இல் கொரோனாவால் பறப்பது நின்றபோது உலகளவில் அந்தத் தரவில் ஏறத்தாழ முக்கால் பங்கு காணாமல் போனது.

ரீயூனியனில் கடலாமைகளைக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மீன்பிடி தூண்டிலில் சிக்கிக் காயப்பட்ட ஆமைகளை சென் லே ஊரில் உள்ள கெலோனியா நிலையத்தில் குணப்படுத்தி, முதுகில் சின்னக் கருவி ஒட்டிக் கடலில் விடுகிறார்கள். அவை நீந்தும் இடமெல்லாம் கடலின் வெப்பம் பதிவாகும். சூறாவளிக்குத் தீனியே அந்த வெப்பம்தானே. எனக்கு மிகவும் பிடித்த வானிலைக் கருவி இது.

பலூன் விடுறாங்களாமே, இந்தக் காலத்துலயும் அது தேவையா?

தேவை. தரையில் இருக்கும் கருவி தரையை மட்டுமே சொல்லும். மழை முடிவாவது தலைக்கு மேலே. பலூனில் தொங்கும் சின்னப் பெட்டி ஏறிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு உயரத்திலும் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் நேரடியாக அளந்து அனுப்பும். சுமார் 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடித்துவிடும். உலக வழக்கப்படி நம் நேரத்துக்குக் காலை 4, மாலை 4 மணிக்கு விட வேண்டும். செலவைத் தாங்காமல் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்துகிற நாடுகளும் உண்டு.

உலக வானிலை அமைப்பு 2021இல் ஒரு குறைந்தபட்ச அளவை ஏற்றுக்கொண்டது: 200 கி.மீ.க்கு ஒரு தரை நிலையம், மணிக்கொரு தகவல், 500 கி.மீ.க்கு ஒரு பலூன் நிலையம், நாளுக்கு இரண்டு முறை. இதைக் கடலுக்குப் பொருத்திப் பாருங்கள், சிரிப்பு வரும்.

சரி, சேட்டிலைட் கடல் முழுக்கப் பார்க்குதே. அது போதாதா?

இன்று உலக மாடல்களுக்குள் போகும் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் செயற்கைக்கோள் தருவதுதான். அது இல்லையென்றால் நம் பக்கத்துக் கணிப்பு படுத்துவிடும். ஆனால் செயற்கைக்கோள் ஈரத்தை அளப்பதில்லை. கீழிருந்து மேலே வரும் கதிர்வீச்சை அளக்கிறது. இவ்வளவு கதிர் வந்ததென்றால் இடையில் எவ்வளவு ஈரம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அகச்சிவப்புக் கருவிக்கு மேகம் சுவர் மாதிரி. நமக்கு எங்கே தகவல் மிக அவசரமோ அங்கேயே அது குருடாகிவிடும். நுண்ணலைக் கருவி மேகத்துக்குள் பார்க்கும். முன்பெல்லாம் மேகமும் மழையும் உள்ள இடத்துத் தரவைக் கணக்குக்குச் சிக்கல் என்று தூக்கி எறிந்தார்கள். அதையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதுதான் கடந்த இருபது வருஷத்தில் நடந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று.

இன்னொரு வழி ஜிபிஎஸ். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் ஈரக்காற்றுக்குள் நுழையும்போது தாமதமாகிறது. தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால் 60 மி.மீ. வரும் என்று வையுங்கள். நம் கோடைக்காலத்தின் ஈரமான நாளில் அப்படி இருக்கும். அப்போது சிக்னலின் பாதை கிட்டத்தட்ட 40 செ.மீ. நீண்டதுபோல் தெரியும். நில அளவைக்காரர்களுக்கு அது பிழை, மழைக் கணிப்புக்காரர்களுக்கு அதுவே தகவல். மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில நிமிடத்துக்கு ஒரு முறை கிடைக்கும். நம் மாதிரித் தீவுகளுக்கு மலிவான வழி இதுதான் என்பது என் கருத்து.

எல்லாத் தரவையும் கம்ப்யூட்டர்ல கொட்டினா முடிஞ்சுது இல்லையா?

கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். கருவி ஒன்று சொல்லும், பக்கத்துக் கருவி வேறு சொல்லும், இடையில் ஆயிரம் கி.மீ.க்கு ஒன்றுமே இருக்காது. இதையெல்லாம் சேர்த்து ஒரு முழுத் தொடக்கநிலையை உண்டாக்கும் வேலைக்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். கோயில் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

ஏழு கறி சாப்பாட்டுக்கு எத்தனை இலை போட வேண்டும்? சமையல் பொறுப்பில் இருக்கும் மாமா போன வருஷ அனுபவத்தில் 400 பேர் என்கிறார். அவர் கணக்கு 100 முன்னே பின்னே போகும். வாசலில் நின்று எண்ணிய பையன் 480 என்கிறான். அவன் கணக்கில் 50 பிசகலாம். யாரை நம்புவது? இருவரையும்தான். ஆனால் பையனுக்கு நாலு பங்கு, மாமாவுக்கு ஒரு பங்கு. ஏனென்றால் பங்கு பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும். விடை 464. வேடிக்கை என்னவென்றால், இந்த விடையின் பிழை சுமார் 45. தனியாகப் பையனை நம்பியிருந்தாலும் 50 வந்திருக்கும். மாமாவின் தோராயமான அனுபவமும் வீணாகவில்லை.

மாமா இடத்தில் மாடல் ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் போட்ட கணிப்பு, பையன் இடத்தில் கருவிகள். உண்மையில் எண்கள் கோடிக்கணக்கில். பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் வானிலைக் கணிப்பு மையம் (இனி ஐரோப்பிய மையம்) 1997 நவம்பரிலிருந்து நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறது: கடந்த சில மணி நேரத்தில் வெவ்வேறு வேளைகளில் வந்த எல்லா அளவுகளுக்கும் மிக அருகில் ஓடும்படியான ஒரு தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஒரு டிகிரி, அரை டிகிரி தப்பா இருந்தா என்ன குடிமுழுகிப் போயிடும்?

1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி தன் சின்ன மாடலை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று தட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு ஓட்டமும் ஒன்றாகவே போயின. அப்புறம் முற்றிலும் வேறு வேறு வானிலை.

கனமழை மேகத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். பெரிய காற்றழுத்த அமைப்பில் பிழை இரட்டிப்பாக ஒன்றிரண்டு நாள் ஆகுமென்றால், தனி மேகத்தில் சில மணி நேரத்திலேயே பிழை முற்றிவிடும். கீழ்மட்ட ஈரம் சிறிது கூடினால் மேகம் மேலே உடைத்துக்கொண்டு போகும். சிறிது குறைந்தால் ஒன்றுமே நடக்காது, வெயில்தான்.

பழுதான கருவி தப்பா எழுதிட்டா?

அதற்குக் காவல் உண்டு. மழைமானியில் குருவி கூடு கட்டும், இலை அடைக்கும், பேட்டரி தீரும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் மாடலின் முன்கணிப்போடும் அக்கம்பக்கத்து எண்களோடும் ஒப்பிட்டு, ரொம்ப விலகியிருந்தால் ஒதுக்குகிறார்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் கெடும் ஒரு விஷயம் இருக்கிறது. அசாதாரண மழை, தன் இயல்பினாலேயே, நம்ப முடியாத எண். 1966 ஜனவரியில் டெனிஸ் சூறாவளியின்போது ரீயூனியனின் ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது, உலகச் சாதனை. 2007 பிப்ரவரியில் கமேத் சூறாவளி கொமெர்சோனில் மூன்று நாளில் 3,900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. இப்படியொரு எண் திரையில் வந்தால் இயந்திரம் கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைக்கும். சல்லடையை இறுக்கினால் உண்மையும் போகும், தளர்த்தினால் குருவிக்கூடும் உள்ளே வரும். மாமாவின் அனுபவத்துக்கு அளவுக்கு மீறிப் பங்கு கொடுத்தால் நடப்பதும் இதுதான்: வாசலில் 900 பேர் நிற்கும்போதும் 400 இலைதான் போடுவீர்கள்.

ட்ரூ ஓ செர்ஃப்ல ரேடார் வெச்சாச்சே, இனி பிரச்சினை இல்லையே?

ஜப்பான் உதவியில் வந்த அந்த டாப்ளர் ரேடார் 2019இல் ஓடத் தொடங்கியது. பெய்துகொண்டிருக்கும் மழை எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, அதற்குள் காற்று எப்படி வீசுகிறது என்று காட்டும். அடுத்த ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் இன்னும் பிறக்காத மேகத்தை ரேடாரும் பார்க்காது.

ரேடார் படத்தை மாடலுக்குள் ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே மழை பெய்கிறது என்று மாடலுக்குள் தண்ணீரை மட்டும் வைத்தால், அது பொத்தென்று விழுந்து காணாமல் போகும். அந்த மழையைத் தாங்கும் ஏறுகாற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தினாலும் சில மணி நேரத்தில் மாடல் அதை மறந்து தன் பழைய போக்குக்குத் திரும்பிவிடும். சுற்றியுள்ள கடலின் ஈரம் தப்பாக இருந்தால் மறதி இன்னும் சீக்கிரம்.

பெரிய கம்ப்யூட்டர் வாங்கிச் சின்னச் சின்னப் பெட்டியா வெட்டினா?

உதவும். மொரீஷியஸ் தீவின் பரப்பு 1,865 சதுர கி.மீ. உலக மாடலில் பெட்டி 9 கி.மீ. என்றால் நம் தீவு மொத்தம் 23 பெட்டி. மேற்குக் கரையில் வருஷத்துக்கு 900 மி.மீ., நடுமேட்டில் 4,000 மி.மீ. என்று பெய்யும் ஊரை 23 கட்டத்தில் வரைய முடியாது. மலைகளெல்லாம் மழுங்கிப் போகும். பிரெஞ்சு வானிலைத் துறை நம் பகுதிக்கு ஓட்டும் ஆரோம் மாடல் 2.5 கி.மீ. பெட்டியோடு வந்தது; அதில் தீவு ஏறத்தாழ 300 பெட்டி. மலையும் தெரியும், மேகமும் கிட்டத்தட்டத் தானாகவே முளைக்கும்.

ஆனால் அந்த மாடலும் வெகுகாலம் தன் தொடக்கநிலையை ஐரோப்பிய உலக மாடலிடமிருந்து கடன் வாங்கித்தான் ஓடியது. நல்ல கண்ணாடி போட்டுக்கொண்டு மங்கலான படத்தைப் பார்ப்பதுபோல. பணம் ஒரு பங்குதான் இருக்கிறது, கம்ப்யூட்டரா கருவியா என்று என்னிடம் கேட்டால் கருவி என்பேன். கேட்பார் யாரும் இல்லை, அது வேறு.

எங்க வீட்டு மழைமானியில அளந்து அனுப்பலாமா?

தாராளமாக. மாடலின் தொடக்கத்துக்கு அதிகம் உதவாது. ஆனால் ரேடார் கணக்கு சரியா என்று பார்க்கவும், மழைக்குப் பின் கணிப்பை மதிப்பிடவும் உதவும். மாமரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள்.

60 சதவீதம் மழைன்னா என்ன? பெய்யுமா பெய்யாதா?

தொடக்கம் நிச்சயமில்லை என்று தெரிந்துவிட்டதால், ஒரே தொடக்கத்தை நம்பாமல் சிறிது சிறிது மாற்றிப் பல முறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் 51 முறை ஓட்டுகிறது. லாரன்ஸுக்குத் தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்வது. 51இல் 30 ஓட்டத்தில் உங்கள் ஊரில் மழை என்றால் சுமார் 60 சதவீதம்.

கனமழையில் நான் பார்ப்பது வேறு. 51இல் நாலே நாலு ஓட்டம் 150 மி.மீ. என்று கத்தினால் அது 8 சதவீதம்தான். பந்தல் போடுகிறவர் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆற்றோரம் வீடு உள்ளவர் கண்டுகொள்ள வேண்டும். ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு முடிவு. நல்ல தரவு செய்யும் வேலை, இந்த ஓட்டங்கள் விரிந்து சிதறாமல் நெருங்கி நிற்கவைப்பது.

இப்போ ஏஐ வந்தாச்சு. இந்த பலூன், ஆமை எல்லாம் எதுக்கு?

ஏஐ மாடல்கள் நிஜமாகவே நன்றாக ஓடுகின்றன. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் ஏஐ மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சூறாவளிப் பாதையில் கெட்டி. ஆனால் அவை எதைப் பார்த்துக் கற்றன? பல பத்து வருஷக் கருவி அளவுகளைத் தரவு உள்வாங்கல் மூலம் சேர்த்துச் செய்த பழைய வானிலைப் பதிவைப் பார்த்துத்தான். இன்றைய கணிப்பைத் தொடங்கவும் இப்போதைக்குப் பெரும்பாலும் அதே வழியில் செய்த தொடக்கநிலையே வேண்டும். அந்தப் பழைய பதிவின் பெட்டி 31 கி.மீ.; அதில் நம் தீவு இரண்டு பெட்டி. இரண்டு பெட்டியில் படித்த மாணவனிடம் போர்ட் லூயித் தெருவைக் கேட்கக் கூடாது.

2024 பொங்கலன்னைக்கு மறுபடி போர்ட் லூயியில கார் மிதந்துச்சே. அப்போ ஒண்ணும் மாறலையா?

2024 ஜனவரி 15, பெலால் சூறாவளி. அது ரீயூனியனைத் தாக்கிவிட்டு நம் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது தலைநகரில் வெள்ளம் வந்தது. பால் பொங்கின கையோடு போனில் கார் மிதக்கும் வீடியோ பார்த்தோம். சூறாவளி வருவது நாள்கணக்கில் முன்பே தெரிந்திருந்தது. ஆகவே இதை 2013 கேள்வியோடு ஒன்றாகப் போடாதீர்கள். அன்று குறை மேகத்தை முன்கூட்டி அறிவதில். இந்த முறை சிக்கல் வேறு இடத்தில்: அப்போது நம் சூறாவளி எச்சரிக்கைப் படிகள் காற்று வேகத்தை வைத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று கேட்டவர்கள் காற்றுக்குத் தயாரானார்கள், தண்ணீர் வந்தது. மாடலுக்குள் எவ்வளவு நல்ல தரவு போனாலும் வெளியே வரும் வாக்கியம் சரியாக இல்லாவிட்டால் அது பள்ளத்தில் இருக்கும் கடைக்காரருக்குப் போய்ச் சேராது. வடிகாலில் கட்டிய சுவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை, அதற்கு எந்த மாடலும் பொறுப்பல்ல.

கடைசியா ஒண்ணு. காவடி அன்னைக்கு மழை வருமா?

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இரண்டு வாரம் முன்பே கேட்கிறார்கள். இரண்டு வாரம் முன்பு யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏழு நாள் முன்பு, பக்கத்துக் கடலில் சூறாவளி உருவாகும் சூழல் உண்டா என்று கேட்கலாம். மூன்று நாள் முன்பு, ஈரமான நாளா வறண்ட நாளா என்று தெரியும். முந்தின இரவு, மழை காலையா மதியத்துக்கு மேலா என்று ஓரளவு சொல்லலாம். எந்தத் தெருவில் என்பதற்கு அன்று காலை ரேடார்தான் பதில்.

போன முறை இதையே ஒரு அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பந்தல் பொறுப்பு அவருடையது, மழையே கூடாது என்றார். பக்கத்தில் அவர் மகன், காவடி எடுக்கப்போகிறவன்; கோடை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டியவன். அவன் மெதுவாக, "சார், பத்து மணிக்கு ஒரு சின்ன மழை இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றான்.